சின்னம்மா கதை சொன்ன இங்கிலீசுப் படம்

கல்லடிப் பாலத்தில் சைக்கிளை விட்டிறங்கி, உருட்டிக்கொண்டு போய் ஆமிச் சோதனைக்கு நின்ற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் அந்த வருடங்களில் நாங்கள் அழுதுகொண்டு மட்டுமே இருந்தோம் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

வெளியூரில் எங்கே போனாலும் என்னிடம் இரண்டு விஷயந்தான் கேட்கிறார்கள். உங்கள் வாவியில் மீன் பாடுமாமே என்பது ஒன்று. சண்டையில் யார் யாரை இழந்தீர்கள் என்பது மற்றது. இரண்டுக்கும் நான் இப்போது பதில் சொல்வதில்லை. இழப்பை எழுத ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். நான் ஒரு படம் பார்த்ததை எழுதப் போகிறேன். அந்தக் காலத்தில் படம் ஒரு கேடா என்று கேட்கிறவர்களுக்கு, ஓம், எங்களுக்குப் படமும் வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். கல்லடியில் இருந்த எங்கள் வீடு அம்மாவுக்கும் அவளுடைய தங்கைக்கும், அதாவது என் சின்னம்மாவுக்கும், பாதிப்பாதி. கடல் பக்கத்துப் பாதி அம்மாவுடையது. வாவி பக்கத்துப் பாதி சின்னம்மாவுடையது. அப்பா சவூதியில் இருந்தார். அவர் அனுப்பிய டிவி அம்மாவின் பாதியில், பூப்போட்ட துணிக்குள் இருந்தது. அந்த மாரியில் கரன்ட் கம்பிகள் அறுந்து தெருவெல்லாம் கிடந்தன. டிவியின் தூசியைத் துடைப்பதைத் தவிர அதோடு எங்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

சின்னம்மாவுக்கு முப்பத்து நாலு. கன்னியாஸ்திரிகளிடம் படித்து, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தாள். தினமும் பாலம் கடந்து போய் வருவாள். சோதனை வரிசையில் எல்லாரும் தலையைக் குனிந்து நிற்க, சின்னம்மா சைக்கிள் ஹாண்டிலில் பேப்பரை விரித்து வாசித்துக்கொண்டு நிற்பாள். "பேப்பரை மடிச்சு வை புள்ள, அவங்களுக்குக் கோபம் வரும்" என்று அம்மா சொன்னால், "கோபம் அவங்கட. பேப்பர் என்ர" என்பாள்.

அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர் மாமா. சித்தாண்டியில் கலியாணம் செய்து, மனைவி வீட்டோடு இருந்தார். எங்கள் குடும்பத்தில் மாமா சொன்னதுதான் சட்டம். வரும்போதெல்லாம் தயிர்ச்சட்டியும் புது அரிசியும் கொண்டு வருவார். கெட்ட மனிதர் இல்லை. தான் நினைப்பது மற்றவர்களுக்கும் நல்லது என்று சந்தேகமே இல்லாமல் நம்பினவர், அவ்வளவுதான். அந்த மாரியில் அவர் தயிரோடு ஒரு சம்பந்தத்தையும் கொண்டு வந்தார். அவருடைய ஊரில் ஒரு போடியார், பெரிய வயல்காரர். வட்டை வெளியில் அரைவாசி வயல் அந்தாளுடையது. மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். சண்டைக் காலத்தில் தனியாக ஒரு குமர்ப்பிள்ளை இருப்பது ஆபத்து, நெல்லுள்ள வீட்டுக்குப் போனால் பசியாவது இல்லை என்பது மாமாவின் கணக்கு.

அவருக்குத் தெரியாத ஒன்று கல்லடி முழுவதற்கும் தெரிந்திருந்தது. சின்னம்மாவுக்கு ஒருவர் இருந்தார்.

அவர் டவுனில் இருந்த பறங்கியர், பழைய போர்த்துக்கேயர் வழிவந்தவர். தச்சு வேலைக் குடும்பம். அவர் மட்டும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் போட்டார். பறங்கியரின் கலியாணங்களில் வயலின் வாசிப்பார். ஊரில் எல்லாரும் டெக்குக்காரர் என்றார்கள். மெலிந்த, உயரமான மனிதர். சேர்ட் பொக்கற்றில் எப்போதும் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். அதைப் பார்த்து மாமா அவரைக் குடிகாரன் என்று முடிவு கட்டியிருந்தார். அந்தப் போத்தலில் இருந்தது ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர். படம் புள்ளி விழுந்தால் டெக்கின் மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு உள்ளே துடைப்பார். மண்ணெண்ணெய்ப் புகைக்குள் அந்த வாசம் எழும்பும்போது, இனிப் படம் தெளிவாக வரும் என்று சிறுவர்கள் எங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் ஒருவரும் அந்தப் போத்தலை மணந்து பார்க்கவில்லை.

அவரும் சின்னம்மாவும் பழகியது பாலத்து வரிசையில்தான். அந்த வரிசையில் காலையில் போய் நின்றால் வெயில் ஏறும் வரை நிற்க வேண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேறு எங்கே ஓர் ஆணும் பெண்ணும் அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று கதைக்க ஊர் விட்டது? எங்களை மறித்து வைக்கப் போட்ட வரிசையில் எத்தனை பேர் சோடி சேர்ந்தார்கள் என்று ஆமிக்குத் தெரிந்திருந்தால் அதையும் தடை செய்திருப்பான்.

போடியாரின் அக்கா பெண் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். பின்னேரம் ஊரடங்கு. அதனால் காலையிலேயே வந்து, சாப்பிட்டு, மதியத்துக்குப் பிறகு திரும்ப வேண்டும். டிவி இருக்கும் வீடு என்று காட்டுவதற்கு அம்மா ஆசைப்பட்டாள். ஒரு சாமி படம் போடச் சொல்லி டெக்குக்கு ஆளனுப்பினாள். டெக் என்றால் வருகிறவர் யார் என்று அம்மா யோசிக்கவில்லையா, யோசித்துத்தான் செய்தாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் சிரிப்பாள்.

போடியாரின் அக்கா பெரிய உடம்புக்காரி. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உரத்துக் கதைப்பார். தங்கள் வளவில் காய்த்த பூசணிக்காய் ஒன்றை மடியில் வைத்தபடியே வந்து இறங்கினார். கூட இரண்டு பெண்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் டெக் என்ற சொல்லைக் கேட்டு வந்து நிலம் நிறைய இருந்துவிட்டார்கள். மாமா ஒரே ஆம்பிளையாகக் கதிரையில் இருந்தார்.

டெக்குக்காரர் சுணங்கித்தான் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"அக்கா, சாமி படம் இல்ல" என்றார் அம்மாவிடம். "பாலத்தில கசெற்றெல்லாத்தையும் எடுத்துட்டானுகள். தமிழ் எழுத்திரிந்ததெல்லாம் பாத்துட்டுத்தான் தருவானுகளாம். இது ஒண்டைத்தான் விட்டது."

அவர் கையில் இருந்தது இங்கிலீசுப் படம். அவுஸ்திரேலியாவுக்குப் போன அவருடைய அண்ணன் அனுப்பியது. அட்டையில் நீளமாக முடி வளர்த்த ஒருவன் பியானோவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரர் தேசம் ஒன்றில் உண்மையாகவே வாழ்ந்து, பாட்டுக் கட்டி, இளவயதில் செத்துப்போன ஒருவனுடைய கதையாம்.

"இங்கிலீசுப் படத்தை ஆரு பாக்கிற?" என்றார் மாமா.

"படமெண்டா படந்தானே தம்பி. போடச் சொல்லுங்க" என்றார் போடியாரின் அக்கா.

மாமாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் எல்லாருடைய வாழ்க்கையையும் திருப்பிய யோசனை அதுதான். அதைச் சொன்னவரும் அவர்தான். "தங்கச்சி, நீ முன்னால இரிந்து கதையைச் சொல்லு. உன்ர இங்கிலீசை அவங்களும் கேக்கட்டும்."

சின்னம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவள் உடுத்தியிருந்த பச்சைச் சீலை எனக்கு ஞாபகம். வெளியே ஜெனரேற்றர் இரைந்தது. படம் தொடங்கியது.

முதலில் பனி. எங்கே பார்த்தாலும் வெள்ளை. "இதென்ன மனே, உப்பா கொட்டிக் கிடக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் அந்தப் பியானோ வந்தது. நான் அதற்கு முன் பியானோச் சத்தம் கேட்டதில்லை. எங்கள் டிவியின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து, ஜெனரேற்றரின் இரைச்சலுக்குள்ளால் அது வந்தது. ஒரு கை தோணி வலிப்பது மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. மற்றக் கை எங்கேயோ மேலே தனியாக நடந்தது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். போடியாரின் அக்கா அவனுக்குப் பெட்டிக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். கடைசி வரை எங்களுக்கு அவன் பெட்டிக்காரன்தான்.

பெட்டிக்காரனுக்கு முதலில் ஒரு பாட்டுக்காரியோடு பழக்கம்.

"அவளுக்கும் இவனுக்கும் என்ன?"

"சிநேகம் அக்கா."

"சிநேகமெண்டா?"

"சிநேகந்தான்" என்றாள் சின்னம்மா. அந்த நேரம் பார்த்துத் திரையில் இருவரும் முகத்தை நெருக்கிக்கொண்டு வர, டெக்குக்காரர் எழும்பி ஓடித் தன் தோளில் கிடந்த துவாயை டிவிக்கு மேலே போட்டார். "எடுங்க தம்பி அந்தத் துவாயை" என்று போடியாரின் அக்கா சத்தம் போட்டார். "இவடத்த ஆரு பச்சப்புள்ள?" அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரல் இடுக்கால் நான் பார்த்தேன்.

பாட்டுக்காரி அவனை விட்டுப் போனாள். பிறகு ஒரு நீதவானின் மகளுக்குப் பெட்டி வாசிக்கப் பழக்கப் போனான். அந்தப் பிள்ளைக்கும் அவனுக்கும் மனம் ஒத்துப்போயிற்று. ஆனால் தகப்பன் குதிரைகளும் காடுகளும் உள்ள ஒரு பெரிய காணிக்காரருக்கு அவளைப் பேசிவிட்டார். சின்னம்மா இதுவரை உள்ளது உள்ளபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். பெட்டிக்காரனுக்கு இருமல் வேறு தொடங்கிவிட்டது. "அவனுக்கு ஒருத்தரும் சோறு குடுக்காங்க இல்லையே" என்று பூசணிக்காய் கொண்டுவந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

பிறகு அந்த இடம் வந்தது. தகப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஏதோ சொன்னார். மகள் தலையைக் குனிந்தபடி நின்றாள். ஏதோ சொன்னாள்.

சின்னம்மா தொடங்கினாள். "அப்பா, நான் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கல்ல. நீங்க படிப்பிச்சீங்க, நான் படிச்சன். உழைச்சு இந்த வீட்டுக்கும் குடுத்தன். நீங்க பாத்த ஆளிட்டயும் ஒரு குறையுமில்ல. வயலிரிக்கு, மாடிரிக்கு, நல்ல மனிசரெண்டும் சொல்றாங்க."

திரையில் அந்தப் பிள்ளை வாயை மூடிவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு போயும் விட்டாள். இப்போது காட்டில் குதிரை வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துப் பேசினாள்.

"ஆனா நான் அவரைக் கட்டமாட்டன். எனக்கு ஆள் இரிக்கு. ஊர் என்னத்தையும் சொல்லட்டும். சண்டைக்குப் பயந்து ஒரு கலியாணத்துக்குள்ள ஒளிக்க எனக்கு ஏலா. செத்தாலும் நான் விரும்பினவரோடதான் சாவன். இருந்தாலும் அவரோடதான் இருப்பன்."

நான் வளர்ந்து, பிழைப்புக்காக வேறு தேசத்தில் இருந்தபோது அந்தப் படத்தை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தேன். அந்த இடத்தில் அந்தப் பெண் சொல்வது "சரி, அப்பா" என்பதுதான். வேறு ஒரு சொல்லும் இல்லை.

மாமாவுக்கு உடனே விளங்கவில்லை. வண்டி ஓடுவதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். விளங்கியது போடியாரின் அக்காவுக்குத்தான். வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"மனே, இது அந்தப் புள்ள சொல்றதா, நீ சொல்றதா?"

சின்னம்மா சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள். "நான்தான் சொல்றன்."

மாமா எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. வெளியே போய் ஜெனரேற்றரை நிறுத்தினார். படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. திரும்பி வந்து, "ஆள் ஆரு?" என்றார். டெக்குக்காரர் கையில் துவாயோடு சுவர் ஓரத்தில் இருந்து முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பறங்கியா? இந்தக் குடிகாரனா?"

"அண்ணன், அவரைப் பேசாதீங்க. என்னைப் பேசுங்க" என்றாள் சின்னம்மா.

மாமா கையை ஓங்கினார். அம்மா எழும்பி நடுவில் போய் நின்றாள். என் அம்மா மாமாவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதை நான் அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். அப்போது போடியாரின் அக்கா நிலத்திலிருந்தபடியே சொன்னார். "கையை இறக்குங்க தம்பி. மனமில்லாத பொண்ணை எங்கட வளவுக்குள்ள கொண்டுபோய் நாங்க என்ன செய்யிற? முகத்துக்கு நேரே சொல்லிட்டாள், நல்லதாப் போச்சு. இப்ப மிசினைப் போடச் சொல்லுங்க. முடிவைப் பாத்துட்டுத்தான் நான் எழும்புவன்."

அப்படியே முடிவும் பார்த்தார்கள். மாமா இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீதவானின் மகள் காணிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். பெட்டிக்காரன் ஒரு குளிர்ந்த அறையில் கடைசிப் பாட்டை எழுதிவிட்டு இருமியே செத்தான். அந்தப் பாட்டை அவள் எங்கேயோ ஒரு மண்டபத்தில் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மறுகா அந்தப் புள்ள நல்லா இரிந்ததா?" என்று போடியாரின் அக்கா கேட்டார்.

"இல்ல அக்கா" என்றாள் சின்னம்மா. அதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.

பூசணிக்காயை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை. அம்மா அதை அன்று பின்னேரமே வெட்டிக் கறி வைத்தாள்.

அந்தக் கிழமையே டெக்குக்காரரைப் பாலத்தில் பிடித்தார்கள். எடுத்து வைத்த கசெற்றுகளில் ஒன்றில், படத்துக்கு நடுவில் யாரோ ஆமிக்கு ஆகாத எதையோ பதிந்திருந்தார்களாம். வாடகைக்குக் கொடுத்து வாங்குகிற கசெற். யார் வீட்டில் நடந்ததென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? செய்தி கேட்டதும் அம்மா அழவில்லை. "அண்ணன்ட வேலை" என்றாள். மாமாதான் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று அவளாகவே தீர்த்துவிட்டாள். அது பிழை. பிறகு டெக்குக்காரரே, தன்னிடம் அந்தக் கசெற்றைப் பற்றி மட்டுந்தான் கேட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஒருவனைத் தொலைக்க ஒரு சொல் போதும் என்பதால், சொல்லாத மனிதர்களும் அந்தப் பழியைச் சுமந்தார்கள். மாமா அதைப் பல வருடம் சுமந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு இல்லாமலே போயிற்று.

டெக்குக்காரரைப் பிடித்த செய்தி வந்த அன்று சின்னம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பாலத்துச் சென்றிக் காவலரணுக்குப் போய் நின்றாள். மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாள் அம்மா குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். மழை விட்டுவிட்டுத் தூறியது. மணல் மூட்டைகள் ஊறி நாறின. எங்களுக்குப் பின்னால் வழக்கமான வரிசை.

நெடுநேரத்துக்குப் பிறகு ஓர் அதிகாரி வந்தான். அரைகுறைத் தமிழ் தெரிந்தவன். "ஒவ்வொரு நாளும் வாற. அவன் உனக்கு யாரு?"

"என்ர புருசன்" என்றாள் சின்னம்மா.

அம்மாவின் கை என் கையை இறுக்கியது. தாலி இல்லாத கழுத்தை அந்த அதிகாரியும் பார்த்தான்.

"கலியாணப் பதிவுத் துண்டு எங்க?"

"இனித்தான் எழுத வேணும். எழுதுறதுக்கு மாப்பிள்ளை வேணும். மாப்பிள்ளை உங்கட ஆமிக் காம்புக்குள்ள இரிக்காரு. ஆளை விடுங்க, துண்டைக் கொண்டுவந்து காட்டுறன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வரிசையைப் பார்த்துக் கேட்டான். "இவ சொல்றது உண்மையா?"

அந்த வரிசையில் பாதிப் பேருக்கு எங்களை யாரென்றே தெரியாது. தலையைக் குனிந்து நின்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முன்னால் நின்ற மீன்காரி கூடையை இறக்கி வைத்தாள். "ஓம் சேர், அவட புருசன்தான். எனக்குத் தெரியும்." அவள் பொய்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவரும் "ஓம்" என்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர். அப்படியே பாலம் நீளத்துக்கு அந்த "ஓம்" போயிற்று. கடைசியில் அம்மா குடையை மடக்கி, நனைந்துகொண்டு, "நான் அவட அக்கா. ஓம்" என்றாள். என் குடும்பம் சத்தமாகச் சொன்ன அந்தப் பொய்யைப் போல ஓர் உண்மையை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உடனே விடவில்லை. சில நாள் கழித்துத்தான் விட்டார்கள். டெக்கைத் திருப்பித் தரவில்லை. அவருடைய இடது கை விரல்கள் வீங்கி, நகங்கள் கறுத்துப் போயிருந்தன. என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, சின்னம்மாவும் எங்களைக் கேட்க விடவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து அண்ணன், இருவரும் வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். "போகலாம்தான்" என்றார் டெக்குக்காரர். "போனா இவள் ஆரோட சண்டை பிடிக்கிற?"

கலியாணத்தை எங்கள் முற்றத்தில் வைத்தோம். பகலில்தான். பதிவுகாரர் வந்து எழுதினார். மாமா நிற்க வேண்டிய இடத்தில் அம்மா நின்றாள். பெண் நின்றால் சரியில்லை என்று அயலில் ஒருத்தி சொன்னதற்கு, "அப்ப நீங்க கண்ணை மூடிக்கங்க" என்றாள். டவுனிலிருந்து அவருடைய ஆட்கள் வயலினும் றபான் மேளமும் கொண்டு வந்தார்கள். வீங்கிய விரல்களால் அவரால் வாசிக்க முடியவில்லை. மச்சான்காரர் வாசித்தார். பெண்கள் பாவாடையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள்.

சத்தம் சென்றி வரை போயிருக்க வேண்டும். துவக்கோடு ஒரு ஆமிக்காரன் வேலிக்கு வெளியே வந்து நின்றான். பாட்டு தானாகத் தேய்ந்தது. சின்னம்மா கலியாணச் சீலையோடு எழும்பிப் போனாள். வேலிக்கு மேலால் அந்தக் கலியாணத் துண்டை அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். "எழுதியாச்சு. உங்கட பெரியவரிட்டச் சொல்லுங்க" என்றாள். பிறகு எங்கள் பக்கம் கிறுகி, "ஏன் நிப்பாட்டினீங்க?" என்று அதட்டினாள்.

மீண்டும் றபான் தொடங்கியது. என்னைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டார்கள். வளர்ந்த பிள்ளை ஆடக்கூடாது என்று சொல்ல மாமா இல்லை. நான் ஆடினேன். அம்மாவும் ஆடினாள், தாளம் தெரியாமல், சிரித்துக்கொண்டு. ஆமி வாகனம் எங்கள் தெருவால் போவதும் வருவதுமாக இருந்தது. பொழுது சாயும் வரை நாங்கள் ஒருமுறைகூடப் பாட்டை நிறுத்தவில்லை.